வெப்பத்தை மேலேற்றச் சொன்னவர்

கார்த்திகை தீபத்து ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லித் தராமலே தெரிந்துவிடுகிறது. 2668 அடி உயர மலையின் உச்சிக்குக் கொப்பரை தானாக ஏறுவதில்லை. ஆட்கள் தோளில் சுமந்துதான் ஏற்றுகிறார்கள். நெய்யும் திரித்துணியும் அப்படியே. ஆனால் ஐப்பசி மழை கொட்டினால் மலைத் தண்ணீர் யாரும் சுமக்காமலே கீழே இறங்கி வந்து குளங்களை நிரப்பிவிடுகிறது. இறங்குவது இயல்பு; ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

வெப்பமும் இந்தத் தண்ணீரைப் போன்றதே. காய்ச்சிய பால் தானாக ஆறும். ஆறிய பால் தானாகக் காய்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் தானே இறங்கிவிடும். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அதை ஏற்ற வேண்டுமானால் யாராவது தோள் கொடுக்க வேண்டும். அப்படித் தோள் கொடுக்கும் இயந்திரத்தை இன்று ஹீட் பம்பு என்கிறார்கள். வெப்ப இறைவை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். நம் சுற்று வட்டாரக் கிணறுகளில் ஒரு காலத்தில் கவலை கட்டி மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தார்களே, அதே வேலையை இது வெப்பத்துக்குச் செய்கிறது. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் ஏ.சி.யும் இதன் பங்காளிகள்தாம். குளிர் நாடுகளில் இதைத் திருப்பி வைத்து, வெளியே உறைபனியில் கிடக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்து வீட்டுக்குள் விடுகிறார்கள்.

இப்படிச் செய்ய முடியும், செய்தால் இவ்வளவு மிச்சமாகும் என்று 1852ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டு எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். வில்லியம் தாம்சன் என்பது அவர் பெயர். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனார். நமக்கு அவரைத் தெரியும். ஆனால் ஓர் எழுத்தாக மட்டுமே தெரியும். செல்சியஸுடன் 273ஐக் கூட்டி, பக்கத்தில் ஒரு 'கே' போட்டுவிட்டு அவரை அங்கேயே விட்டுவிடுகிறோம். இரண்டாமாண்டு முடியும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த எழுத்துக்குப் பின்னால் 83 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதர், அதிலும் சற்று நொண்டி நடந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைப் பிறகுதான் தெரிந்து கொண்டேன்.

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் வில்லியம் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தாம்சன் உழவர் குடும்பத்தில் தோன்றி, தம் முயற்சியால் கணிதம் கற்று ஆசிரியரானவர். தாயார் மார்கரெட், வில்லியத்துக்கு ஆறு வயதாகும்போதே காலமானார். அதன்பின் பிள்ளைகளுக்குத் தந்தையே தாய், தந்தையே ஆசிரியர். 1832இல் அவருக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைக்கவே, குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது.

பத்து வயதில் வில்லியம் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவு செய்யப்பட்டார். பத்து வயதா என்று வியக்க வேண்டாம். அக்காலத்து ஸ்காட்லாந்தில் பல்கலைக்கழகங்கள் பள்ளிகளோடு போட்டியிட்டுச் சிறுவர்களையும் சேர்த்துக் கொண்டிருந்தன. ஆனாலும் அந்தச் சிறுவர்களுள்ளும் வில்லியம் தனித்துத் தெரிந்தார்.

1840இல் நடந்த ஒரு சிறு கள்ளத்தனத்தைச் சொல்லாமல் போக முடியாது. பிள்ளைகள் ஜெர்மன் மொழி கற்க வேண்டும் என்று விரும்பிய தந்தை, குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் பயணம் போனார். மற்றப் படிப்பையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், அங்கே ஜெர்மன் மட்டும்தான் என்பது கட்டளை. வில்லியம் பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சு நூலை ஒளித்து எடுத்துச் சென்றார். பூரியே என்னும் கணித அறிஞர் வெப்பம் பரவும் விதத்தைப் பற்றி எழுதிய பெருநூல் அது. நிலவறையில் உட்கார்ந்து படித்தாராம். நம்மில் சிலர் பாடப் புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகையை வைத்துப் படித்ததுண்டு. பதினாறு வயதில் கணித நூலை ஒளித்துப் படித்தவர் இவர். பூரியே செய்தது பிழை என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்ததைக் கண்டு பொறுக்காமல், பூரியேயின் பக்கம் நின்று மறுப்பு எழுதினார். அடுத்த ஆண்டு அச்சேறிய அக்கட்டுரைதான் அவருடைய முதல் கட்டுரை. வெப்பத்தோடு அவருக்கு ஏற்பட்ட உறவு அப்போது தொடங்கியது.

பிறகு கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் கல்லூரி. அங்கே படகோட்டிப் பரிசு வாங்கினார். இசைக் குழுவில் கொம்பு வாசித்தார். 1845இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. முதலிடம் அவருக்கே என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதலிடம் வாங்கியவரின் பெயரை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

தேர்வு முடிந்ததும் பாரிஸ் சென்றார். அங்கே ரென்யோ என்னும் அறிஞரின் ஆய்வகத்தில் நீராவியின் இயல்புகளை அளந்து பழகினார். அந்த நாள்களில் அவர் ஒரு புத்தகத்தைத் தேடி அலைந்தது தனிக் கதை. சாதி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியாளர், நீராவி எந்திரம் எவ்வாறு வேலை தருகிறது என்பதை ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அது வெளியான ஆண்டு 1824. வில்லியம் பிறந்த அதே ஆண்டு. அருவி உயரத்திலிருந்து விழும்போது ஆலைச் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, வெப்பமும் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்ததற்கு இறங்கும்போது வேலை செய்கிறது என்பது அதன் சாரம். நூலை யாரும் சீண்டவில்லை. ஆசிரியரோ 1832இல் காலரா கண்டு 36 வயதில் இறந்து போனார். வில்லியம் பாரிஸின் புத்தகக் கடைகளில் போய்க் கார்னோ என்று கேட்டால், கடைக்காரர்கள் அவருடைய தந்தையின் நூலையும் தம்பியின் நூலையும் எடுத்துக் காட்டினார்களே தவிர, இந்த நூலைக் கேள்விப்பட்டதே இல்லை. மூன்றாண்டுகள் கழித்துத்தான் அது அவர் கைக்கு வந்தது. அதற்குள் அதைப் பற்றிப் பிறர் எழுதியதைக் கொண்டே, எந்தப் பொருளையும் சாராத ஒரு வெப்பநிலை அளவுகோலை 1848இல் வகுத்துவிட்டார். நாம் போடும் 'கே' அப்போது பிறந்ததே.

இதற்கிடையில் 1846இல், 22 வயதில், கிளாஸ்கோவில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியில் 53 ஆண்டுகள் இருந்தார். கேம்பிரிட்ஜ் மூன்று முறை அழைத்தும் போகவில்லை என்பார்கள்.

1847இல் ஆக்ஸ்போர்டில் கூடிய அறிவியல் மாநாட்டில் மான்செஸ்டர் மதுவடிப்பாளர் ஒருவரின் மகனான ஜூல், வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக் கூடியவை என்று பேசினார். கூட்டத்தில் பலர் கவனிக்கவே இல்லை. தாம்சன் கவனித்தார், கலங்கியும் போனார். கார்னோவின்படி வெப்பம் குறையாமல் இறங்குகிறது. ஜூலின்படி அது செலவாகி வேலையாக மாறுகிறது. இருவரும் எப்படிச் சரியாக முடியும்? சில நாள் கழித்து ஆல்ப்ஸ் மலைப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்த தாம்சன், வழியில் ஜூலைச் சந்தித்தார். ஜூலுக்கு அப்போதுதான் திருமணமாகியிருந்தது. புது மனைவி பின்னால் வண்டியில் வர, இவர் கையில் நீண்ட வெப்பமானியோடு நடந்து வந்தாராம். அருவியின் அடியில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கும் ஆசை! தாம்சனே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. வெப்பமானியைச் சற்று நீளமாக்கியே சொல்லியிருப்பார் என்று எண்ணுபவர்களும் உண்டு. எப்படியிருப்பினும், அந்த நட்பு நாற்பதாண்டு நீடித்தது. ஜெர்மனியில் கிளாசியஸ் 1850இலும், கிளாஸ்கோவில் தாம்சன் 1851இலும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகிறது, மீதி கீழே இறங்குகிறது. இரண்டு பேரும் சரிதான். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று நாம் நெட்டுருப் போடுவது இதிலிருந்து வந்தது.

இப்போது 1852ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்தச் செப்டம்பரில் தாம்சன், சிறுவயது முதலே பழகிய மார்கரெட் கிரம் என்பாரை மணந்தார். திருமணமான சில மாதங்களிலேயே அம்மையார் நோயில் விழுந்தார். அது 1870இல் அவர் இறக்கும் வரை, பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. பல நாள்கள் தாம்சன் அவரைக் கைகளில் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அதே 1852இன் டிசம்பரில்தான், கட்டடங்களைச் சிக்கனமாகச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் எப்படி என்ற சிறு கட்டுரையைக் கிளாஸ்கோ தத்துவ சங்கத்தில் வைத்தார். இரண்டையும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. ஆண்டு ஒன்று என்பதோடு நிற்கிறேன்.

கட்டுரையின் கருத்து இது. நீராவி எந்திரம் என்பது வெப்பம் இறங்கும்போது வேலை வாங்கும் கருவி. அதையே தலைகீழாக ஓட்டினால், நாம் வேலை கொடுக்க, அது வெப்பத்தை மேலேற்றும். அவர் தீட்டிய இயந்திரத்தில் இரண்டு உருளைகள். நடுவே மெல்லிய உலோகச் சுவர் கொண்ட ஒரு கலம். முதல் உருளை வெளிக்காற்றை உள்ளிழுத்து விரிய விடும். விரிந்த காற்று, வெளியே இருக்கும் குளிரைவிடவும் குளிர்ந்துவிடும். அந்த நிலையில் அது கலத்துக்குள் தங்கும்போது, குளிர்ந்த வெளிக்காற்றுகூட அதைவிடச் சூடாக இருப்பதால், சுவர் வழியே வெப்பம் உள்ளே இறங்கும். இரண்டாம் உருளை அந்தக் காற்றை மீண்டும் பழைய அழுத்தத்துக்கு அமுக்க, அது சூடேறி வீட்டுக்குள் போகும். இயற்கை விதி எதுவும் மீறப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வெப்பம் இறங்கத்தான் செய்கிறது. பள்ளத்தை நாம் தோண்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

கணக்கு இன்னும் வியப்பானது. காற்றை 50 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக் கொண்டார். குறையே இல்லாத இயந்திரமானால், வீட்டுக்குள் சேரும் வெப்பத்தில் 35இல் ஒரு பங்கு வேலை கொடுத்தால் போதும். அந்த வேலையைத் தரும் நீராவி எந்திரம் நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது என்றாலும், நிலக்கரியை நேராக அடுப்பில் எரிப்பதைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் கிடைக்கும். இயந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் வெப்ப நாடுகளில் வீட்டைக் குளிர்விக்கலாம் என்பதும் அதில் உண்டு. வெப்ப நாடுகளின் அறைகளைக் குளிர்விப்பது பற்றிப் பியாசி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வானியலாளர் அதற்கு முன்பே எழுதியிருந்தார். ஆகவே இந்த நூலிழையின் ஒரு முனை நம் வெயிலில்தான் கட்டப்பட்டிருந்தது.

அந்த நாளில் சென்னையில் வெயிலுக்கு என்ன மருந்து இருந்தது? அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து நீர்நிலைகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வாள் கொண்டு அறுத்து, மரத்தூளில் புதைத்து, மாதக் கணக்கில் கப்பலில் கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உலகத்தின் மறுபாதியிலிருந்து குளிரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த காலத்தில், குளிரையும் சூட்டையும் இருந்த இடத்திலேயே இறைக்கலாம் என்று ஒருவர் காகிதத்தில் எழுதிக் கொண்டிருந்தார்.

காகிதத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தை வீடு சூடாக்க யாரும் கட்டவில்லை. கிளாஸ்கோ நிலக்கரி மேல் உட்கார்ந்திருந்த ஊர். கரி மலிவு, அடுப்பு மூட்ட வேலையாள் மலிவு; உருளையும் தண்டும் கொண்ட பெரிய இயந்திரத்தை ஒரு வீட்டுக்காரர் ஏன் வாங்குவார்? ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் மட்டும் 1855 முதல் 1857 வரை எபன்சே உப்பாலையில் இதே தத்துவத்தை வேறு உருவில் பயன்படுத்தினார். உப்பு நீரிலிருந்து கிளம்பும் ஆவியை நீர்ச்சக்கரத்தின் உதவியால் அமுக்கிச் சூடேற்றி, அதைக் கொண்டே மேலும் உப்பு நீரைக் காய்ச்சினார். அங்கே விறகு அருமை, ஓடும் தண்ணீர் தாராளம். எங்கே எது மலிவு என்பதே இந்த இயந்திரத்தின் தலையெழுத்தை அன்று முதல் இன்று வரை எழுதி வருகிறது.

தாம்சனும் அதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போடும் முயற்சியில் 1856 முதல் ஓர் இயக்குநர். 1857இல் கம்பி அறுந்தது. 1858இல் இணைந்தது, ஆனால் குழுமத்தின் மின்னியலாளர் ஒயிட்ஹவுஸ் அளவு மீறிய மின்னழுத்தம் கொடுத்ததால் சில வாரங்களில் ஊமையானது. தாம்சன் செய்த கண்ணாடி மின்னோட்டமானியோ மிக மெல்லிய குறியையும் ஒளிப் புள்ளியின் அசைவாகக் காட்டும். 1865இல் மறுபடியும் அறுந்தது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் அவரும் இருக்க, கம்பி கரை சேர்ந்தது. அரசியார் அவருக்கு சர் பட்டம் அளித்தார். பணமும் வந்தது. மனைவி இறந்த 1870இல் லல்லா ரூக் என்ற பாய்க்கப்பலை வாங்கினார். இந்திய இளவரசி ஒருத்தியைப் பற்றிய ஆங்கிலக் காவியத்தின் பெயர் அது. 1874இல் மதீரா தீவைச் சேர்ந்த பிரான்சஸ் பிளாண்டி என்பாரை மறுமணம் செய்துகொண்டார். 1881இல் அவருடைய கிளாஸ்கோ வீடு முழுதும் மின்விளக்கு எரிந்தது. உலகில் அப்படி ஒளிர்ந்த முதல் சில வீடுகளுள் அது ஒன்று.

நொண்டி நடை என்றேனே, அதற்குக் காரணமும் குளிர்தான். 1860ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உறைந்த நீர்ப்பரப்பில் கல்லைச் சறுக்கி விளையாடும் ஸ்காட்லாந்து விளையாட்டில் விழுந்து தொடை எலும்பை முறித்துக் கொண்டார். மாதக் கணக்கில் படுக்கை. ஆயுள் முழுதும் கால் இழுப்பு.

ஆசிரியராக அவர் எப்படி? உண்மையைச் சொன்னால் ஒழுங்காகப் பாடம் நடத்தியவர் அல்லர். ஒன்றைத் தொடங்கி வேறொன்றுக்குத் தாவி, முந்தின நாள் இரவு தோன்றிய கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் கொண்டிருப்பார். பின்வரிசை மாணவர்களுக்கு ஒன்றும் விளங்காது. இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் யாரும் இதைத் தமக்கு ஆதரவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் அவர் செய்த ஒன்றை மறக்கக் கூடாது. ஒயின் வைத்திருந்த பழைய நிலவறை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து, மாணவர்கள் தம் கையால் அளந்து பார்க்க இடம் அமைத்தார். பிரிட்டனில் மாணவர்களுக்கான முதல் இயற்பியல் ஆய்வகம் அதுவே. இன்று நாம் ரெக்கார்டு நோட்டு எழுதி அலுத்துக் கொள்வதற்கும் அந்த நிலவறைக்கும் தொடர்பு உண்டு. 1899இல் ஓய்வு பெற்றவர், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். பத்து வயதில் மாணவர். 75 வயதில் மறுபடியும் மாணவர்.

இந்தியருக்கு அவர் செய்த ஓர் உதவியும் உண்டு. 1896இல் லிவர்பூல் மாநாட்டில் நம் ஜகதீச சந்திர போஸ் மின்னலைகள் பற்றிப் பேசி முடித்ததும், கெல்வின் காலை இழுத்துக்கொண்டே மாடிப் படியேறி, மகளிர் பகுதியில் அமர்ந்திருந்த திருமதி அபலா போஸிடம் போய் அவர் கணவரைப் பாராட்டினாராம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் நல்ல ஆய்வகம் வேண்டும் என்று இந்திய மந்திரிக்கு எழுதவும் செய்தார்.

ஆனால் மேதையும் வழுக்கி விழுந்ததுண்டு. பூமி உருகிய நிலையிலிருந்து ஆறி வருகிறது என்று கொண்டு, பூரியேயின் கணக்கைப் போட்டு, பூமியின் வயதை 1862இல் 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் வரை என்றார். 1897இல் அதை 2 கோடி முதல் 4 கோடிக்குள் சுருக்கினார். டார்வினுக்கும் நிலவியலாருக்கும் இது தலைவலியாக இருந்தது; அவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்பட்டது. பூமியின் உட்பகுதியில் வெப்பம் வேறு விதமாகவும் ஏறிவர முடியும் என்று அவருடைய பழைய உதவியாளர் பெர்ரி 1895இல் எடுத்துக் காட்டியும் அவர் இணங்கவில்லை. பின்னர்க் கதிரியக்கம் வந்தது. பூமிக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது என்று 1904இல் இளைஞர் ரூதர்போர்டு லண்டனில் பேசியபோது, 80 வயதை நெருங்கிய கெல்வின் சபையில் அமர்ந்திருந்தார். இன்று பூமியின் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள் என்று தெரியும். வட தமிழ்நாட்டுப் பாறைகளே 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. கிரிவலப் பாதையில் நாம் சாய்ந்து இளைப்பாறும் பாறை ஒன்று போதும், அவர் கணக்கைப் பொய்யாக்க. கணக்கில் தவறில்லை, தொடங்கிய இடத்தில் தவறு. ஆண்டுக் கணக்காக அதை அவர் மறு ஆய்வு செய்யாததுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1892இல் அவருக்குப் பிரபு பட்டம் வந்தது. பிரிட்டனில் அறிவியலுக்காகப் பிரபு ஆன முதல் மனிதர் அவரே. பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் கெல்வின் என்ற சிற்றாற்றின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். 1907 டிசம்பர் 17ஆம் நாள், லார்க்ஸ் என்ற கடற்கரை ஊரில் தம் வீட்டில் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். 600க்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஏறத்தாழ 70 காப்புரிமைகள். அவற்றுள் அந்த 1852ஆம் ஆண்டுக் கட்டுரையை அன்று யார் நினைத்திருப்பார்கள்?

நினைக்கும் காலம் மெல்ல வந்தது. 1938இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை, பக்கத்தில் ஓடும் லிமாட் ஆற்று நீரிலிருந்து இறைத்த வெப்பத்தால் சூடாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் நிலக்கரி இல்லை, மலையாற்று மின்சாரம் உண்டு. எபன்சேயின் கதைதான் மறுபடியும். இங்கிலாந்தின் நார்விச் நகரில் 1945இல் சம்னர் என்ற பொறியாளர் ஆற்று வெப்பத்தைக் கொண்டு ஒரு கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார். ஆனால் அந்த நாட்டில் கரி மலிவு, பிறகு வடகடல் எரிவாயு மலிவு, யாரும் பின்தொடரவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் சுவீடன் விழித்துக்கொண்டது. எண்ணெயை நம்பிச் சூடேற்றிய நாடு அது. 1991இல் கரிவரியும் போட்டது. நார்வேயில் அருவி மின்சாரம் தாராளம். வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் பெரும்பாலும் இல்லை. இன்று நார்வேயில் பத்து வீட்டில் ஏறத்தாழ ஆறு வீட்டிலும், சுவீடனிலும் பின்லாந்திலும் பத்தில் நான்குக்கு மேலும் இந்த இயந்திரம் ஓடுகிறது. குளிர் மிகுந்த நாடுகளில்தான் அது மிகுதி என்பது பலரை வியக்க வைக்கிறது. கடுங்குளிரில் இது வேலை செய்யாது என்று சொல்லுபவர்களுக்கு அதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

மற்ற நாடுகளின் கதை சந்தையின் கதை. 2022இல் உக்ரைன் போரால் எரிவாயு விலை வானத்துக்கு ஏற, ஐரோப்பாவில் அந்த ஓராண்டில் மட்டும் 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஹீட் பம்புகள் விற்றன. பிரான்சும் இத்தாலியும் எண்ணிக்கையில் முன்னின்றன. இத்தாலி அரசு 2020 முதல் வீடு திருத்தச் செலவுக்கு மேலும் பத்து சதவீதம் சேர்த்து வரியில் திருப்பித் தந்த காலம் அது. நிலக்கரி அடுப்புகள் நிறைந்த போலந்தில் விற்பனை ஒரே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டியது. பிறகு எரிவாயு விலை இறங்கியது, இத்தாலியின் தாராளமும் சுருங்கியது; 2024இல் மொத்த விற்பனை 23 லட்சம் அளவுக்கு வந்தது. ஜெர்மனியில் புதிய வெப்பமூட்டும் சட்டத்தைப் பற்றிய பெரும் சச்சரவுக்கு நடுவே, 2023இல் 3,56,000 விற்றது, 2024இல் 1,93,000 ஆகக் குறைந்தது. மானியம் கிடைக்குமா, சட்டம் நிற்குமா என்று தெரியாதபோது குடும்பஸ்தர் கையை மடக்கிக் கொள்வார். இது ஜெர்மனிக்கும் பொது, நமக்கும் பொது.

கெல்வினின் சொந்த நாடான பிரிட்டன் இந்த வரிசையில் கடைசிப் பக்கம் நிற்கிறது. நூறு வீட்டில் ஒன்றிரண்டுக்குத்தான் இது இருக்கிறது. காரணம் கெல்வினின் கணக்கிலேயே கிடைக்கும். இன்றைய ஹீட் பம்பு ஒரு பங்கு மின்சாரம் வாங்கிக்கொண்டு மூன்று நான்கு பங்கு வெப்பம் தருகிறது. அங்கோ ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இயந்திரம் மிச்சம் பிடித்ததை விலைப் பட்டியல் தின்றுவிடுகிறது. 1852இல் கரியின் மலிவு எந்த இடத்தில் நின்று மறித்ததோ, அதே இடத்தில் இன்று எரிவாயுவின் மலிவு நிற்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இதன் மறுபக்கமான ஏ.சி. வேண்டியிருக்கிறது. வாங்கும் வசதி உள்ளவர் அறைக்குள்ளிருந்து இறைக்கும் வெப்பம் தெருவில் கொட்டுகிறது. சித்திரை மாதத்தில் தேரடித் தெருவில் தள்ளுவண்டியோடு நிற்பவர் அதையும் சேர்த்து வாங்கிக் கொள்கிறார். கெல்வின் கட்டுரை இந்த ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை, நாமும் சேர்ப்பதில்லை.

கிளாஸ்கோவுக்கு மேற்கே, ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற கப்பல் கட்டும் துறையாக இருந்த கிளைட்பேங்கில், 2020இல் ஒரு பெரிய வெப்ப இறைவை நிலையம் ஓடத் தொடங்கியது. கிளைட் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குழாய் வழியே கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். கெல்வின் என்ற அந்தச் சிற்றாறு பல்கலைக்கழகத்தைக் கடந்து சிறிது தூரம் ஓடிக் கிளைட்டில்தான் கலக்கிறது. கலந்த நீர் அந்த நிலையத்தின் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.